பெட்டரி சுமந்த தோள்

அப்பாவின் வலது தோளில், கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு ரூபாய்க் குற்றியளவு வெளுத்த தழும்பு ஒன்று இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பென்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது லொறி பெட்டரியின் ஆசிட் வடிந்து சுட்ட இடம். 1990களில், பசறைக்கும் மடுல்சீமைக்கும் நடுவிலுள்ள ஒரு தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு டீவி வந்தது அந்தத் தோளின் வழியாகத்தான்.

பெட்டரி பழசு. யாரோ ஒரு லொறிக்காரர் கழித்துப் போட்டதை அப்பா வாங்கியிருந்தார். இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. சாக்கை நாலாக மடித்துத் தோளில் வைத்து, அதன் மேல் பெட்டரியைத் தூக்கி வைத்து, ஒரு கையால் அணைத்தபடி மூன்று கட்டை தூரம் இறங்கினால்தான் பஸ் ரோடு. அங்கிருந்து பசறை டவுன். சார்ஜ் போடும் கடையில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பெட்டரிகள் நிலத்தில் கிடக்கும். மூடி திறந்த துளைகளுக்குள் குமிழி கொதிக்கும். மூக்கைக் கரிக்கும் புளித்த வாடை. கடைக்காரர் கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மிதவையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "நாளைக்கு வாங்க" என்பார். ஒரு சார்ஜுக்கு நாலு நடை. அதில் இரண்டு நடை சுமையோடு. ஏற்றத்தில் வரும் சுமைதான் கொடியது. அப்படியொரு மழைநாளில் மூடி சரியாக இறுகாமல் போய்த்தான் சாக்கையும் சட்டையையும் தின்றுவிட்டு ஆசிட் தோலுக்கு வந்தது. அப்பா பெட்டரியை நடுவழியில் இறக்கவில்லை. கீழே வைத்தால் மறுபடி தூக்கித் தோளில் வைக்க ஆள் வேண்டுமே என்று பிறகு சொன்னார்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கரண்டை அப்பா காசு போல எண்ணிச் செலவழித்தார். காம்பிராவின் மூலையில், தரையில் ஈரம் படாமல் பலகை போட்டு அதன் மேல் பெட்டரி. சிவப்பு வயர் கூட்டல் முனைக்கு, கறுப்பு வயர் கழித்தல் முனைக்கு. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவி. தமிழ்ப் படம் போடும் நாளில் மட்டும் திறப்பார். செய்தி கேட்க வானொலி போதும். அப்பாவின் முதல் விதி, "அடிவரைக்கும் இறக்கிறாத. இறங்கின பெட்டரி செத்த பெட்டரி." ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பெட்டரியை முழுவதுமாக இறக்கினால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் அது பழையபடி சார்ஜ் பிடிக்காது என்பதை நான் உயர்தர வகுப்பில்தான் படித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பாவுக்கு அது கையனுபவத்தில் தெரிந்திருந்தது. பாதிக்கு மேல் அவர் எடுக்கவே மாட்டார்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் முப்பது பேர். வாசலில் இன்னும் இருபது பேர். அப்பா கணக்குப் போட்டார். இரண்டு இன்னிங்ஸையும் பெட்டரி தாங்காது. அதனால் அவுஸ்திரேலியா ஆடியது முழுவதையும் வானொலியில் கேட்டோம். கண்டிப் பையன் முரளிதரன் பந்து போட்டதையும் காதால்தான் பார்த்தோம். 242 ஓட்டங்கள் வேண்டுமென்றதும் அப்பா டீவியைத் திறந்தார். இரவு ஏற ஏறப் படத்தின் ஓரம் சுருங்கத் தொடங்கியது. பெட்டரி இறங்கினால் அந்தக் காலத்து டீவியில் படம் நாலு பக்கமும் உள்ளே ஒடுங்கும். வெளிச்சத்தைக் குறைத்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. அரவிந்த டி சில்வா சதம் கடந்தபோது அவர் ஒரு பீடிக்கட்டு அளவுக்குத் தெரிந்தார். ரணதுங்க கடைசி அடியை அடித்ததும் லயம் முழுக்கக் கத்தியது. அப்பா கத்தவில்லை. எழுந்து கிளிப்பைக் கழற்றினார்.

அன்றைக்கு அது எனக்குக் கோபமாக இருந்தது. கிண்ணத்தைக் கையில் வாங்குவதைப் பார்க்கவிடவில்லையே என்று. மறுநாள் காலையில் அடுத்த காம்பிரா அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு. அந்தப் பெட்டரியில் மிச்சமிருந்த உயிரில் ஒரு சின்ன பல்ப் இரண்டு மணி நேரம் எரிந்தது. மருத்துவிச்சி வந்தது அந்த வெளிச்சத்தில்.

*

மற்ற இரவுகளெல்லாம் குப்பி லாம்பு. ஒரு சின்னப் போத்தல், மூடியில் ஓட்டை, பழைய துணியில் திரி, உள்ளே மண்ணெண்ணெய். காலையில் எழுந்து மூக்கைத் துடைத்தால் கை கறுக்கும். போத்தல் ஒல்லி. கை தட்டினால் சாயும். சாய்ந்தால் எண்ணெயும் தீயும் சேர்ந்து ஓடும். என்னோடு படித்த ஒரு பிள்ளையின் பாவாடையில் அப்படித்தான் தீப்பிடித்தது. அவள் பிழைத்தாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை.

இந்தத் தீக்காயங்களை ஆசுபத்திரியில் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத ஓர் இலங்கை சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார், டொக்டர் விஜய கொடகும்புர. மார்மைட் போத்தலைப் போலக் குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, மூடி திருகி இறுகும் ஒரு கண்ணாடி விளக்கை அவர் வடிவமைத்தார். அதற்கு 'சுதீபா' என்று பெயர். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு விளக்கின் அடிப்பாகத்தைக் குட்டையாக்கினால் ஒரு பிள்ளையின் படிப்பு தப்பும் என்பதை இந்த நாட்டுக்குச் சொன்னவர் அவர். வெளிச்சம் என்பது வசதிக்குரிய விஷயம் மட்டுமல்ல, உயிருக்குரிய விஷயம் என்று நான் நம்பத் தொடங்கியது அவரைப் பற்றி வாசித்த பிறகுதான்.

எங்கள் லயத்து வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் ஸ்டோர் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை வாட்டுவதற்கு விசிறி இரவெல்லாம் ஓடும். மாடி ஜன்னல்கள் வரிசையாக எரியும். ஊவாவில் ஆடி, ஆவணி மாதக் கச்சான் காற்றில் பறிக்கும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அந்த மாதங்களில் ஸ்டோர் விடிய விடிய எரியும். பறித்த இலைக்கு இரவு முழுக்கக் கரண்டு. பறித்த கைக்குக் குப்பி லாம்பு. அம்மா அந்த ஜன்னல்களைப் பார்த்தபடி மாவு பிசைவாள். அவள் எதுவும் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீரில் சுழலும் டர்பைன்கள் இருந்தன. மின்சாரம் மலைக்கு வராமலிருந்ததில்லை. லயத்துக்குத்தான் வரவில்லை.

நாட்டுக்கு மின்சாரம் தந்ததே இந்த மலைகள்தான். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கின்றன. தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012இல் வந்தது. எங்கள் ஊவாவிலேயே, வெலிமடைப் பக்கத்து நீரைச் சுரங்கம் வழியாக வெல்லவாய பக்கம் இறக்கும் உமா ஓயா திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 120 மெகாவாட். அந்தச் சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மலைக்கு இதெல்லாம் நினைவிருக்கிறது.

*

எங்கள் லயத்துக்குக் கரண்டு வந்தது 2004இல். முதல் நாள் அப்பாயி பல்பை ஊதி அணைக்கப் பார்த்தாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் பார்த்தது வேறு. அவள் பல்புக்குக் கீழே தன் இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்களை இரவில் அவ்வளவு தெளிவாக அவள் அதுவரை பார்த்ததில்லை.

பெட்டரியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தோம். அதோடு பெட்டரியின் ஒழுக்கமும் போயிற்று. சுவிட்சைத் தட்டினால் வரும் பொருளை யார் எண்ணுவார்கள்? அப்பா மட்டும் வெளிச்சமான காம்பிராவிலிருந்து எழுந்து போகிறவர்களைப் பார்த்து, "லைட்ட நூத்துட்டுப் போப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்கவில்லை.

2022 எங்களுக்கு அதைத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, அணைகளில் நீரும் குறைவு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. நான் அப்போது பதுளையில் விஞ்ஞான ஆசிரியன். மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. லயத்துப் பிள்ளைகள் போன் வெளிச்சத்தில் படித்தார்கள். போனில் சார்ஜ் தீர்ந்ததும் புத்தகத்தை மூடினார்கள். பழைய குப்பி லாம்புக்குத் திரும்பலாம் என்றால் மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஆகஸ்ட்டில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபாயாக இருந்த காலம் அது. மூன்று லீட்டர் எண்ணெய்க்கு ஒரு நாள் மலையேற்றம்.

அந்த வருடம் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "சேர், எங்கப்பா சொன்னாரு, அந்தக் காலத்துல உங்க வீட்டுல பெட்டரி இருந்துச்சாமே. இப்ப அப்படி ஒண்ணு இல்லையா?" அந்தக் கேள்விதான் என்னைப் புறக்கோட்டைக்கு அனுப்பியது.

*

அப்படி ஒன்றை, தூக்கிக்கொண்டு போகக்கூடிய லித்தியம் பெட்டரிப் பெட்டியை, வாங்குவதற்கு மூன்று வருடம் ஆனது. குவைத்தில் வீட்டு வேலை செய்த சித்தி வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னாள். அது முடியாத காரியம். விமானத்தில் பயணி தன்னோடு கொண்டுபோகும் லித்தியம் பெட்டரிக்கு 100 வாட் மணி என்பது எல்லை. விமான நிறுவனம் அனுமதித்தால் 160 வரை. அதற்கு மேல் கையிலும் ஏற்றமாட்டார்கள், பொதியிலும் ஏற்றமாட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் ஆசையோடு வாங்கிவிட்டு விமான நிலையத்தில் பறிகொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தப் பெட்டிகள் பயணியோடு வர முடியாது, சரக்காகத்தான் நாட்டுக்கு வர முடியும்.

முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். அரிசிப் பை அளவு பெட்டி, மேலே கைப்பிடி. ஏழு கிலோவுக்குக் கிட்ட. உள்ளே லித்தியம் இரும்பு பொஸ்பேட் கலங்கள். அதோடு, அந்தக் கரண்டை வீட்டு 230 வோல்ட்டாக மாற்றும் இன்வேட்டர், சூரியப் பலகையின் கரண்டை வாங்கிச் சேர்க்கும் கருவி, எவ்வளவு மிச்சம் என்று இலக்கத்தில் காட்டும் திரை. பசறைக் கடைக்காரரின் கண்ணாடிக் குழாய் செய்த வேலையை அந்தத் திரை செய்கிறது.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டேன். ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையில் தண்டவாளத்தில் மரம் விழுந்து ரயில் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம். மூடுபனி, இருட்டு. கைக்குழந்தையோடு இருந்த ஒரு சிங்கள அம்மாவின் போன் அணைந்துவிட்டது. தியத்தலாவையில் புருஷன் காத்திருக்கிறானாம். பெட்டியைத் திறந்து சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். பதினோரு போன். ஹப்புத்தளைக்கு வந்தபோது திரையில் நூறு என்றிருந்தது எழுபத்தாறாகியிருந்தது. பயணத்துக்கு இந்தப் பெட்டி எதற்கென்று எனக்கு விளங்கியது அந்த ரயிலில்.

அப்பா வாசலிலேயே பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒரே கையால். இன்னொரு தடவை தூக்கினார். பிறகு கேட்டார்:

"இதுக்குத் தண்ணி ஊத்த வேணாமா?"

"வேணாம்பா. மூடின கலம். ஆசிட் இல்ல, வாடை இல்ல."

"எவ்வளவு புடிக்கும்?"

"512 வாட் மணி. கரண்டு பில்லுல ஒரு யூனிட்டுன்னா ஆயிரம். இது அரை யூனிட்."

"அரை யூனிட்டுதானா?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் யோசித்து, "அரை யூனிட்டா!" என்றார். இரண்டாவது தடவை குரல் மாறியிருந்தது. பில்லில் ஒரு சில ரூபாய் பெறுமதியான பொருளைத் தோளில் வைத்து அவர் எத்தனை கட்டை ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு எண்ணமாக வந்திருக்க வேண்டும்.

அன்று இரவு அப்பாவும் நானும் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். இன்வேட்டரில் கொஞ்சம் வீணாகும். அதனால் கைக்கு வருவது 430 வாட் மணி அளவு. ஐந்து வாட் பல்ப் ஒன்று விடிய விடிய எரிந்தால் ஐம்பது. ஒரு போனை முழுதாக ஏற்றப் பதினைந்து. ஆஸ்துமாக்காரருக்கு மருந்துப் புகை கொடுக்கும் நெபுலைசர் பத்து நிமிடம் ஓடினால் இருபதுக்குள். இருபது வாட் விசிறி ஓர் இரவுக்கு நூற்றறுபது. மின் கேத்தல் இதில் வேலைக்காகாது. அது ஆயிரத்தைந்நூறு வாட்டுக்கு மேல் கேட்கும், பெட்டி உடனே நின்றுவிடும். சூடாக்குகிற எதையும் இதில் போடக் கூடாது. தேத்தண்ணிக்கு அடுப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் கண்டுகொண்டோம். 230 வோல்ட் பொத்தானை அழுத்தி வைத்தால், எதையும் செருகாவிட்டாலும் இன்வேட்டர் தன் பங்குக்கு வாட் வாட்டாகக் குடித்துக்கொண்டேயிருக்கும். போனுக்கும் யூ.எஸ்.பி. பல்புக்கும் அந்தப் பொத்தான் தேவையில்லை. பக்கத்துத் துளையே போதும். அப்பா அதைக் கேட்டதும் பொத்தானை அணைத்தார். "லைட்ட நூத்துட்டுப் போ"வின் அர்த்தம் திரும்பி வீட்டுக்கு வந்தது.

சூரியப் பலகையைப் பற்றியும் ஊவாக்காரர்கள் ஒரு உண்மையை அறிந்திருக்க வேண்டும். நுவரெலியாவும் ஹற்றனும் தென்மேற்குப் பருவத்தில் நனையும்போது எங்களுக்குக் கச்சான் வெயில். எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை. ஆகவே ஆடியில் பலகை நன்றாகக் கொடுக்கும், அப்போது எங்களுக்குப் பெரிய தேவை இருக்காது. தேவை வரும் கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும். மழைக்காலத்தில் பலகையை நம்பியிருக்கக் கூடாது. கரண்டு இருக்கும்போதே பெட்டியை நிரப்பி வைக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லுணுகலைப் பக்கத் தோட்டங்களுக்குப் போனேன். சின்னப் புரொஜெக்டர் ஒன்று, இரண்டு மணி நேர வகுப்பு. கோயில் சுவரில் மனித இதயம் துடிப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். கரண்டு போனாலும் வகுப்பு நிற்கவில்லை.

*

2025 நவம்பர் கடைசி வாரம். டித்வா புயல். உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அதை நடுவில் நிறுத்தினார்கள். நான் அப்பாவிடம் போய்விட்டேன். வியாழக்கிழமை மழையை மழை என்று சொல்ல முடியாது. மலை முழுவதும் ஒரே இரைச்சல். கரண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் போன் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஊமையாயின.

எங்கள் ஆட்களுக்கு மீரியபெத்த மறக்காது. 2014 அக்டோபர் 29, காலை. கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மக்களின் காலை நகர்த்தும் அளவுக்கு அவர்களிடம் வந்து சேரவில்லை, போவதற்கு இடமும் இருக்கவில்லை. அதனால் அந்த வியாழன் மாலை, யாரும் சொல்லாமலே, பின்வரிசைக் காம்பிராக்காரர்கள் எல்லாரும் மேட்டிலிருந்து இறங்கி முன்பள்ளிக் கட்டடத்துக்கு வந்தார்கள். நாற்பது பேருக்கு மேல். பெட்டி நூறில் இருந்தது. கிழமை தொடக்கத்திலேயே அப்பா நிரப்பி வைத்திருந்தார்.

அப்பா ஒரு கொப்பியை விரித்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு போன். பாதி வரைதான் சார்ஜ். சிக்னல் இல்லாதபோது போன் கோபுரத்தைத் தேடித் தேடியே செத்துப்போகும், அதனால் எல்லாரும் அணைத்து வைக்க வேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்குத் திறந்து பார்க்கலாம். ஒரு வானொலி. ஒரே ஒரு பல்ப், நடுவில். அதன் வெளிச்சத்தில் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். பல்பைப் பார்த்து ஒரு பெரியம்மா சொன்னாள்: "வெளிச்சம் இருந்தா மண்ணு சரியிற சத்தம் கேட்டாலும் ஓடலாம்யா. இருட்டுல கேட்டா எங்க ஓடுறது?"

இரண்டாம் இரவு நாலு வயதுப் பையன் ஒருவனுக்கு மூச்சு இழுத்தது. அவன் அம்மா நெபுலைசரை ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மருந்தும் இருந்தது. ரோடு இல்லை, அம்புலன்ஸ் வர வழியில்லை. பொத்தானை அழுத்தினேன். மெஷின் உறுமத் தொடங்கியது. நாற்பது பேரும் எழுந்து உட்கார்ந்து அந்த உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் பையனின் நெஞ்சு இறங்கியது. அப்பா கொப்பியில் எழுதினார்: "மூச்சு மெசின், 20." அந்த இரவுகளில் நாலு தடவை அப்படி எழுதினார்.

வெள்ளி இரவு விட்டுவிட்டுச் சிக்னல் வந்தபோது, பாதி சார்ஜில் கிடந்த ஒரு போனிலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எங்கள் இருப்பிடத்தையும் ஆட்தொகையையும் சொன்னோம். நாலாம் நாள் பகல் மேகம் விலகி வெயில் கீற்று விழுந்தது. முற்றத்தில் சூரியப் பலகையை விரித்தோம். திரையில் அப்போது பதினொன்று. அடிவரைக்கும் இறங்கவில்லை. அப்பா இறங்க விடவில்லை.

எங்கள் சரிவு தப்பியது. பதுளை மாவட்டத்தில் எல்லாச் சரிவும் தப்பவில்லை. மண்ணுக்குள் போனவர்களின் வீடுகளில் ஒரு பெட்டி இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மண்சரிவுக்கு மருந்து பாதுகாப்பான காணியும் வீடும்தான். அதற்குப் பதிலாக எந்தப் பெட்டியையும் யாரும் கையில் கொடுத்துவிட்டுப் போக நாம் விடக் கூடாது. ஆனால் காணி கிடைக்கும்வரை மழை காத்திருப்பதில்லை. எச்சரிக்கை வந்து சேரவும், பதில் சொல்லவும், இருட்டில் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவும், ஒரு மூச்சைத் திருப்பவும் அரை யூனிட் கரண்டு போதும் என்பதை நான் நேரில் கண்டேன்.

*

நான் வாங்கியபோது இந்தப் பெட்டி நாலைந்து மாதத் தோட்டச் சம்பளத்தை விழுங்கியது. வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கும் பெட்டரி எங்கள் வீட்டுக்கு மட்டும் இருக்கவில்லை. தோள் அப்பாவுடையது, வெளிச்சம் லயத்துடையது. அதே மாதிரி, ஒரு லயத்துக்கு ஒன்று இருக்கட்டும். கோயில் கமிட்டியோ, மரண உதவிச் சங்கமோ, தோட்டத்திலிருந்து படித்துக் கொழும்புக்கும் கனடாவுக்கும் போன பிள்ளைகளோ சேர்ந்து வாங்கலாம். முன்பள்ளியிலோ கோயிலிலோ, கூரை ஒழுகாத, அடுப்புப் புகை படாத இடத்தில், மரப் பலகை மேல் வையுங்கள். பொறுப்புக்கு ஒரே ஒரு ஆள். பழைய பெட்டரி காலத்தைப் பார்த்த பெரியவராக இருந்தால் நல்லது. அவருக்கு எண்ணத் தெரியும்.

வெயில் மாதங்களில் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். ஐப்பசி பிறந்ததும் முழுதாக நிரப்புங்கள், தை வரை அப்படியே வையுங்கள். பெட்டியின் மேல் 117 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பெட்டியிலிருந்து வயர் இழுத்து வீட்டுச் சுவர்ச் செருகியில் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். கம்பியைச் சரிசெய்ய ஏறும் மின்சார ஊழியரை அது கொல்லக்கூடும், உங்களையும் கொல்லக்கூடும். வீங்கினாலோ விழுந்து நசுங்கினாலோ திறந்து பார்க்காதீர்கள், வீட்டுக்கு வெளியே தனியாக வைத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி முன்பள்ளிக்குப் போய்த் திரையைப் பார்த்து இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறார். பெட்டியை வலது கையால்தான் தூக்குகிறார். தோளுக்கு இனி வேலையில்லை. கணக்குக்கு வேலை இருக்கிறது. உங்கள் லயத்திலும் அப்படி ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள், அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே.